நாகவல்லி அக்காவின் இடுப்புச் சாவி

நாகவல்லி அக்கா வேலைக்குப் போகும்போது சாவிக் கொத்தைக் கைப்பையில் போட மாட்டார். புடவைக் கொசுவத்தின் ஓரத்தில் செருகி, மேலே சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். தரைத்தளத்தில் இருக்கிற சொந்த வீட்டின் சாவி அந்தக் கொத்தில் இல்லை. அது நிலைப்படிக்கு மேலே உள்ள சட்டத்தில் இருக்கும். எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். வீட்டைத் திறந்த மாதிரி விட்டுவிட்டு வேறு எதை இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பூட்டி வைத்திருந்தது எங்கள் பின்படிக்கட்டை.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஏரிப் பக்கமாக இருக்கிற வாரியக் குடியிருப்பு எங்களுடையது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு படிக்கட்டு வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஒன்று வாசல் பக்கம். மற்றது நடைபாதையின் கடைசியில், நாலு பக்கமும் சுவர் எழுப்பி, காற்றுக்கு மட்டும் சிமெண்ட் ஜாலி விட்டது. தீ, கீ என்று ஏதாவது நடந்தால் இறங்குவதற்கு. நான் கல்யாணமாகி இங்கே வரும்போதே அது பூட்டித்தான் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் அதற்குப் போகும் இரும்புக் கதவில் ஒரு பூட்டு, பக்கத்துச் சுவரில் சாமி டைல்ஸ். எங்கள் மூன்றாம் மாடியில் பிள்ளையார், மாதா, மெக்கா மூன்றும் வரிசையாக ஒட்டியிருக்கும். சுவரோரம் யாரும் ஒதுங்கக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது என்றால் நம் ஊரில் செய்கிற வேலைதான்.

கீழே மட்டும் டைல்ஸோடு நிற்கவில்லை. அங்கே கம்பிக் கதவுக்கு உள்ளே, முதல் படிக்கு முன்னால், ஒரு அம்மன் படம் போட்ட டைல்ஸை நாகவல்லி அக்கா ஒட்டினாராம். யாரோ அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். யாருக்கோ வேலை கிடைத்தது, அவர்கள் செங்கல் மேடை கட்டினார்கள். இன்னொருவர் சூலம் நட்டார். பிறகு தகரக் கூரை, சிவப்பு பல்பு, வெள்ளிக்கிழமை பொங்கல். படிக்கட்டு அம்மா என்று பேரும் வந்துவிட்டது. உண்டியல் மட்டும் கிடையாது. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். உண்டியல் இருக்கிற கோயிலில் யாருக்கு என்ன லாபம் என்று தெரிந்துவிடும். இல்லாத இடத்தில்தான் தெரியாது.

நான் வீட்டில் இருந்தபடியே எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பவள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு நேர் கீழே பின்வாசல். பார்க்கக் கூடாது என்றாலும் கண்ணில் படும்.

என் வீட்டுக்காரர் அசோக் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருந்தார். இரும்புத் தகடு சரிந்து வலது கால் நசுங்கியதிலிருந்து இரண்டு கட்டைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார். மூன்று மாடி இறங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வார். அதனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர இறங்குவதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் முன்படிக்கட்டின் அடியில் இருக்கிற கரண்டு மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை. ஆனால் படிக்கட்டுக் கூண்டு புகைபோக்கி மாதிரி இழுத்தது. கறுத்த புகை, பிளாஸ்டிக் வாடை. கால் நன்றாக இருப்பவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடி இறங்கிவிட்டார்கள். நானும் அவரும் நடைபாதைக் கடைசிக்குப் போய் அந்த இரும்புக் கதவைத் தட்டினோம். அவர் கட்டையால் அடித்தார். பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி எஸ்டேட்டில், நாகவல்லி அக்காவின் இடுப்பில் இருந்தது. கீழே யாரோ மணலை வாரிப் போட்டுத் தீயை அணைத்தார்கள். புகை இறங்கும் வரை ஈரத் துண்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அக்கா வந்ததும் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்தார், கதவில் கட்டை அடித்த தடத்தைப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் கதவத் தொறந்து உட்டாதான் இன்னா?" என்று அசோக் கேட்டார்.

"அதெல்லாம் தொறக்க முடியாது நைனா. அம்மா குந்தினு கீறா."

"அம்மா கீழ குந்தினு கீறா. நான் மேல மாட்டிகினு கீறேன்."

அக்கா இடுப்பைத் தொட்டுக்கொண்டார். போகும்போது மட்டும், "மீட்டர் பலகைக்கு எழுதிப் போடு, வருவாங்க" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

எழுதிப் போட்டோம். குறைகளுக்கென்று ஒரு போன் நம்பர் இருக்கிறது. அதில் சொன்னால் செல்லுக்குச் செய்தி வரும். வந்தது: உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. நான் கீழே போய்ப் பார்த்தேன். பலகை கரியாகவே இருந்தது. லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து நாங்களேதான் மாற்றிக்கொண்டோம்.

இரண்டாம் மாடி எழிலரசியும் நாகவல்லி அக்காவும் எஸ்டேட்டில் ஒரே சாப்ட்வேர் ஆபீஸ் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. அக்கா அங்கே சூப்பர்வைசர். எழிலரசி ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"அங்க வந்து பாக்கணும் நீ அக்காவ. ஃபயர் டிரில் அன்னிக்கு சிவப்புத் தொப்பி போட்டுகினு விசில் ஊதும். சம்பளம் வாங்கறவனுங்க அத்தினி பேரும் லேப்டாப்ப கட்டிப் புடிச்சிகினு எறங்குவானுங்க. வெளிய போற கதவாண்ட ஒரு அட்டப் பொட்டி வெச்சா போதும், கிழி கிழின்னு கிழிக்கும். 'இது இன்னா உங்க ஊட்டுப் பரணா'ன்னு மேனேஜரையே கேட்டுச்சி."

"அப்ப இங்க ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?"

"அம்மா இருக்கறா இல்ல?" என்று எழிலரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. அங்கே ஒரு அட்டைப் பெட்டி ஆகாது. இங்கே ஒரு கோயிலே ஆகும். அன்றிலிருந்து பிசிறு வெட்டுகிற கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று ஆனது. அக்கா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போவார், போனதும் உள்ளிருந்து சாத்திக்கொள்வார். விளக்கேற்ற இவ்வளவு நேரம் ஆகாது. ஜாலி வழியாக டார்ச் வெளிச்சம் மேலே ஏறி இறங்குவது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீராசாமி என்று ஓர் ஆள் வருவார். வெள்ளை முடி, முழங்கை வரை சுண்ணாம்பு வெடிப்பு. பஸ் நிறுத்தத்திலிருந்து தோளில் ஒரு கோணிப்பையைச் சுமந்துகொண்டு வருவார். அவரும் உள்ளே போவார். பிறகு கரண்டி சுரண்டுகிற சத்தம். போகும்போது கோணிப்பை காலியாக இருக்கும்.

அது சிமெண்ட். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் குடியிருப்பில் இடத்தை வளைப்பது புதிதில்லை. பால்கனியை அடைத்து அடுப்படி ஆக்குவார்கள், படிக்கட்டடியில் இஸ்திரிக் கடை போடுவார்கள். அக்கா ஒரு படி மேலே போய், சாமியை வாசலில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே ரூம் எழுப்புகிறார். ஆவடியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்ட மகனுக்காக இருக்கலாம். இல்லை, அந்த வீராசாமிக்காகவே இருக்கலாம்.

அசோக்கிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ரிப்பேருன்னு சொன்னா ஒர்த்தனும் வர மாட்டான். ஆக்கிரமிப்புன்னு சொல்லு, ஓடியாருவான்."

அப்படியே சொன்னேன். போனில் பேசும்போது எதிரே முகம் இல்லாததால் எனக்குச் சுலபமாக இருந்தது. பின்படிக்கட்டைப் பூட்டி, கோயில் கட்டி, உள்ளே ரூம் கட்டி ஆக்கிரமிப்பு செய்கிறார்கள் என்றேன். அசோக் சொன்னது சரிதான். மறுநாளே இன்ஜினியர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார்களாம்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எங்கள் நடைபாதைக் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த எழிலரசி காதில் விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தால் பிளாக்குக்கே தெரிந்த மாதிரி.

அன்று சாயங்காலம் நாகவல்லி அக்கா வந்தார். சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அசோக்கின் கட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "வா" என்றார். முதல்முறையாக எங்கள் மாடி இரும்புக் கதவைத் திறந்தார்.

உள்ளே வவ்வால் எச்சமும் ஈர சிமெண்டும் சேர்ந்த வாடை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடி வரை இறக்கினார். அந்தப் படிகள் நன்றாகத்தான் இருந்தன. அங்கே நிறுத்தி டார்ச்சைக் கீழே அடித்தார்.

ரூம் எதுவும் இல்லை. படியும் இல்லை. இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் பாதிப் படிக்கட்டு விழுந்துபோயிருந்தது. துருப்பிடித்த கம்பிகள் உடைந்த குடையின் கம்பிகளைப் போல நீட்டிக்கொண்டு நின்றன. ஓரங்களில் மட்டும் புதுசாகப் பூசியிருந்தது.

"இது எப்பக்கா?"

"பெருமழ ஒண்ணு பேஞ்சிது இல்ல, ஏரி ரொம்பி ரோட்டுக்கு வந்துச்சே, அப்ப. எல்லாரும் இடி உழுந்துச்சின்னு நெனச்சிகினாங்க. என் ஊட்டு செவுரு ஆடிச்சி. எனக்குத் தெரிஞ்சிது. அப்பல்லாம் குப்பையும் குடிகாரனுமா கெடந்த எடம், யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. வெடிஞ்சதும் பூட்டு வாங்கியாந்து போட்டேன்."

"ஆபீசுல சொல்லலியா?"

"பூச்சு உதிருதுன்னு சொன்னேன். பல வாட்டி சொன்னேன். வரவேயில்ல."

"உழுந்துட்டுதுன்னு சொல்லியிருக்கலாமே?"

அக்கா டார்ச்சை அணைத்துவிட்டார். "டி பிளாக்கு இன்னா ஆச்சு, சொல்லு."

டி பிளாக் இருந்த இடம் எனக்குத் தெரியும். இப்போது அங்கே தண்ணி லாரி நிற்கிறது, ஆடு மேய்கிறது.

"என் தங்கச்சி ஞானம்மா அங்கதான் இருந்தா. கூரை பேந்து உழுந்துச்சின்னு ஒரே ஒரு ஊட்டுக்காரன் எழுதிப் போட்டான். ரிப்பேரு பண்ண ஒர்த்தன் வரல. காலி பண்ணச் சொல்ல ஜீப்பு வந்துச்சி. இட்ச்சிட்டு புச்சா கட்டித் தரோம், அதுவரைக்கும் அங்க போய் இருங்கன்னு எங்கயோ ஊருக்கு வெளிய தள்ளிட்டாங்க. அவ அஞ்சு ஊட்டுல பாத்திரம் தேய்ச்சிகினு இருந்தவ. அங்க தேய்க்க ஊடும் இல்ல, வர பஸ்சும் இல்ல. அவ ஊட்டுக்காரன்தான் வீராசாமி. கொத்தனாரு. பஸ் மாறி பஸ் மாறி வந்து, மேல இருந்து எதுவும் உழாம பூசிட்டுப் போறான். நீ வேற மாரி நெனச்சிகினு இருந்திருப்ப."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருட்டில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

"பூட்டு போட்டா ஒடைப்பானுங்க, அகல்யா. குடிக்க எடம் வோணும், சீட்டாட எடம் வோணும். சாமிய உக்கார வெச்சா ஒடைக்க மாட்டானுங்க. புள்ளைங்களும் உள்ள ஓடாது. அதான் அம்மாவக் கொணாந்தேன். நான் ஒரு டைல்ஸுதான் வெச்சேன். மிச்சமெல்லாம் அவங்களாக் கட்டுனது."

அக்கா பிறந்ததே இந்த ஏரிக்கரையில்தான். அப்பா அம்மா வயல் வேலை செய்தவர்கள். வயல் எஸ்டேட் ஆனது. அவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகள் ஒரு கோடையில் மொத்தமாக எரிந்த பிறகுதான் இந்த வீடுகள் வந்தன. அதையும் அந்த இருட்டில்தான் சொன்னார். "குடிசை எரிஞ்சப்ப ஒரு உசுரு போவல. இன்னா தெரியுமா? ஓலைச் செவுரு. எந்தப் பக்கம் ஒதைச்சாலும் வழி."

நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். "மறுபடி முன்பக்கம் பத்திகிச்சின்னா அவரு எப்பிடிக்கா எறங்குவாரு?"

அக்கா டார்ச்சை மறுபடி கீழே அடித்தார். பிறகு, "வெள்ளிக்கிழம வர்றவன் இதப் பாத்தான்னா மொத்த பிளாக்குக்கும் நோட்டீசு ஒட்டிடுவான். அந்தப் புகார வாபஸ் வாங்கிடு" என்றார்.

"முடியாதுக்கா."

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. மணிக்கட்டை விடாமல் மேலே கொண்டுவந்து விட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

அசோக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நெசமா இருக்கும். இல்ல, நம்ம வாய அடைக்கக் காட்டியிருக்கும்."

"ஒடஞ்சது நெசம்ங்க. கண்ணால பாத்தேன்."

"ஒடஞ்சது நெசம்தான். யாருக்கோசரம் மறைச்சா, அதான் தெரியல. நமக்கா, அவ ஊட்டுக்கா?"

எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. கார்த்திகை மாசம். இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, செருப்பில்லாத கால். எல்லோரும் "வாங்க சாமி" என்றார்கள். பொங்கல் வாசனையில் பின்வாசல் நிறைந்திருந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்போதுதான் கவனித்தேன்: கம்பிக் கதவின் பூட்டு திறந்து, கொண்டியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. படிக்கு நடுவில் எப்போதும் இருக்கிற குத்துவிளக்கைச் சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். ஓர் ஆள் தாராளமாக நுழைந்து மேலே ஏறலாம்.

இன்ஜினியர் கன்னத்தில் போட்டுக்கொண்டு குங்குமம் எடுத்து வைத்தார். "சக்தி உள்ள அம்மாவா?"

"இன்னா சாமி அப்பிடிக் கேட்டுட்டீங்க. மீட்டரு பத்திகிச்சி, ஒரு உசுருக்கு ஒண்ணும் ஆவல. அம்மா காவலுக்குக் கீறா இல்ல?" என்றாள் எழிலரசி.

நாகவல்லி அக்கா முன்னால் வந்தார். "உள்ள போய்ப் பாருங்க சாமி."

அவர் ஒரு காலை எடுத்து, அம்மன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துக்கொண்டார். "மாலை போட்டிருக்கேம்மா. அம்மனத் தாண்டி, முதுகக் காட்டிக்கிட்டு எப்படிப் போறது? இங்கேர்ந்தே பாக்கறேன்."

"பரவால்ல சாமி. அம்மா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா. மூணாம் மாடிக் கதவு கூடத் தொறந்து வெச்சிகீறேன். அந்தப் பக்கமாவுது வந்து பாருங்க."

"இன்னும் ரெண்டு எடம் போகணும்மா." கையை நீட்டி, அம்மன் தலைக்கு மேலாக செல்லில் படம் எடுத்தார். முதல் நாலைந்து படிகள் அதில் பளிச்சென்று விழுந்திருக்கும். "படி நல்லாத்தானே இருக்கு? ரூம் கீம் எதுவும் தெரியலயே. கோயில் விஷயம், நான் எதுவும் எழுத முடியாது."

எழிலரசி தொன்னையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் என் செல்லில் செய்தி வந்தது: நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஆக்கிரமிப்பு இல்லை. புகார் முடிக்கப்பட்டது.

"இன்னாக்கா, நீயே உள்ள இட்டுகினு போறேன்னு நிக்கிற?" என்று எழிலரசி கேட்டாள். "நல்ல வேள, அம்மா காப்பாத்திட்டா."

"ஆமா. நல்லா காப்பாத்துனா" என்றார் அக்கா. குத்துவிளக்கைத் தூக்கி மறுபடி நடுவில் வைத்தார். எண்ணெய் சிந்தியதைத் துடைக்காமலே போனார்.

நான் மாடிக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். அக்கா நிஜமாகவே காட்டத் துணிந்தாரா? இல்லை, மாலை போட்டவர் அம்மனைத் தாண்ட மாட்டார் என்று தெரிந்துதான் அவ்வளவு தைரியமாகக் கூப்பிட்டாரா? அந்த ஆபீசுக்குப் பலமுறை போனவர்தானே. இன்ஜினியர் மாலை போட்டிருப்பது முன்பே தெரிந்திருக்கலாம். ஆனால் சிந்திய எண்ணெயைக்கூடத் துடைக்காமல் போனாரே? இன்று வரை எனக்கு முழுசாகத் தீரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரியை அழைத்து வந்திருந்தார். கோயிலில் கட்டட வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் சாமியைச் செம்புத் தண்ணீரில் இறக்கி வேறு இடத்தில் வைப்பார்கள். பாலாலயம் என்று பேர். வேலை முடிகிற வரை சாமி அங்கேதான். படிக்கட்டு அம்மாவுக்குப் பாலாலயம் என்றதும் பிளாக் முழுவதும் கூடிவிட்டது. கோயில் பெரிதாகப் போகிறது என்று சந்தோஷமாகத் தேங்காயும் பூவும் கொண்டுவந்தார்கள்.

"கோபுரம் வைக்கப் போறியாம்மா?" என்று பூசாரி கேட்டார்.

"படி வைக்கப் போறோம் பூசாரி."

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மந்திரம் சொன்னார். அம்மனைச் செம்பில் இறக்கி, மஞ்சள் துணி சுற்றி, நாகவல்லி அக்காவின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். வீராசாமி உளியை வைத்து, பூச்சோடு சேர்த்து அந்த டைல்ஸைப் பெயர்த்தார். ஒரு கீறல் விழவில்லை. மேடையும் சூலமும் அகன்றன. பிறகு அக்கா இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து எல்லோர் எதிரிலும் தரையில் வைத்தார்.

"அம்மா இருந்தா எவனும் உள்ள வர மாட்டான். இப்ப அம்மா இங்க இல்ல. யாரு வோணா உள்ள போலாம். முதல் மாடி வரைக்கும் ஏறிப் பாருங்க. அதுக்கு மேல போவாதீங்க."

சிரித்துக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பில்லாமல் திரும்பி வந்தார்கள். எழிலரசிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இதுக்காக்கா இத்தினி வருசம் விளக்கேத்துனோம்? எங்க புள்ளைங்கள இதுக்கு மேலயே படுக்க வெச்சிகினு நீ கம்முனு இருந்தியா? ஆபீசுல விசிலு ஊதுற பொம்பளதான நீ?"

"ஆமா எழிலு" என்றார் அக்கா.

அவருக்கு வாரியத்து ஆட்கள் ஏதோ கொடுத்திருப்பார்கள் என்றார் ஒருவர். வீராசாமியைப் பற்றி நான் நினைத்ததையே இன்னொருத்தி சத்தமாகச் சொன்னாள். அதை வேறொரு வாயிலிருந்து கேட்கும்போது அசிங்கமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "எழுதிப் போட்டவ இவதான. ஜீப்பு வந்துச்சின்னா உன் ஊட்டு வாசல்லதான் வந்து படுப்போம்."

திட்டி முடித்ததும், வீட்டுக்கு ஒரு செல் எடுத்து உடைந்த படியைப் படம் பிடித்து எல்லோரும் அனுப்பினார்கள். ஒருத்தர் அனுப்பினால் அவர் வீட்டுக் குறை. எல்லோரும் அனுப்பினால் யாரைக் காலி பண்ணுவார்கள் என்று ஒரு கணக்கு. இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்தார்கள். எங்கள் மூன்றாம் மாடி இரும்புக் கதவில் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அது இடிக்கவா, கட்டவா என்று கேட்டதற்கு மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் குழாயடியில் பேச்சு நின்றுவிடும்.

அளந்துவிட்டுப் போன அன்றே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் கீழ என் ஊட்டுக்கு வந்துடுங்க. நான் இங்க வரேன்."

அசோக் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் இடுப்பைப் பார்த்தேன். சாவி இல்லாமல் அந்த இடம் பழக்கமில்லாத மாதிரி இருந்தது. தரைத்தள வீட்டை யாரும் இப்படி விட மாட்டார்கள். வாடகைக்குக் கேட்கப் போகிறாரா? எங்கள் பேரில் இருக்கிற ஒதுக்கீட்டை மாற்றப் போகிறாரா? பிளாக்கை இடித்தால் மேல்மாடிக்காரருக்கு முதலில் புது வீடு என்று ஏதாவது காதில் விழுந்திருக்குமா?

"ஏன்க்கா?" என்றேன்.

"ஏன்னா? எனக்குக் கால் நல்லாத்தான கீது."

"பேரு கீரு மாத்தணுமா?"

"பேரு அதுபாட்டுக்கு இருக்கட்டும். சாமான மட்டும் மாத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணு. அம்மா செம்ப நகத்தக் கூடாது, படி முடியற வரைக்கும். சாயங்காலமானா ஒரு விளக்கு வெச்சிடு."

ஞாயிற்றுக்கிழமை வீராசாமியும் எழிலரசியும் சேர்ந்து சாமான்களை இறக்கி ஏற்றினார்கள். எழிலரசி அக்காவிடம் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் பீரோவின் கனமான பக்கத்தை அவள்தான் பிடித்தாள். கடைசியாக அசோக் இறங்கினார், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து. கீழே வந்ததும் கட்டையை ஊன்றி எழுந்து, வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரே ஒரு படி இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தப் படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

இப்போது நான் பிசிறு வெட்டுவது கீழ் ஜன்னலில். இங்கிருந்து பார்த்தால் முன்படிக்கட்டுதான் தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நாகவல்லி அக்கா மூன்று மாடியும் இறங்கி வருவார். கழுத்தில் ஆபீஸ் விசில் தொங்கும். வீட்டில் இருக்கும்போதும் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வரும் வழியில் ஒவ்வொரு மாடியிலும் நின்று, யார் வீட்டுக் குடம், யார் வீட்டுச் சைக்கிள் என்று படியிலிருந்து ஓரம் கட்டச் சொல்வார். சிலர் முணுமுணுப்பார்கள், சிலர் பதிலே சொல்ல மாட்டார்கள். அவர் பொருளை நகர்த்தும் வரை அங்கேயே நிற்பார். அவ்வளவு உயரத்தில், ஒரே ஒரு வழி உள்ள வீட்டில் தானாக ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிற ஒருவர் வேறென்ன செய்வார்.

நேற்று எங்கள் வாசலிலும் நின்றார்.

"அகல்யா, இந்தச் செருப்பு ஸ்டாண்ட எடு. வழிய மறைக்குது பாரு."

"கொஞ்ச எடம்தானக்கா."

"பொகையில கண்ணு தெரியாது. தட்டி உழுவாங்க. எடு."

எடுத்து உள்ளே வைத்தேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து படியேறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடியாக அந்தச் சத்தம் மேலே போய், கடைசியில் மூன்றாம் மாடிக் கதவு திறக்கும் சத்தமாக முடிந்தது. அதுவரைக்கும் நான் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். பிறகு உள்ளே போய்ச் செம்புக்கு முன்னால் வைத்தேன்.